ரப்பர் கடைப் புரோகிராம்: ஒரே ஃபைலா, ஃபோல்டரா?

ஒட்டுப்பால்: கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் எடுக்கும் கடைகளுக்காக பைத்தான் மொழியில் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதியிருக்கிறேன். ரப்பர் பால் எத்தனை கிலோ, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர்) எத்தனை சதவீதம், அன்றைய ரேட் என்ன என்று போட்டால் சீட்டு அடித்துத் தரும். கணக்கு எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இருக்கிறது. கடைகளில் பைத்தான் கிடையாது, நெட்டும் இல்லை, சில இடங்களில் இன்னும் விண்டோஸ் 7. பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்க எது நல்ல வழி?

மட்டிப்பழம்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பைத்தான் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும்படி கட்டித் தரும் பைஇன்ஸ்டாலரில் ‘ஒன்ஃபைல்’ போட்டு ஒரே இ.எக்ஸ்.இ. ஆக்கிக் கொடுங்கள். ஃபோல்டராகக் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? கடைப் பையன் உள்ளே இருக்கும் இ.எக்ஸ்.இ.யை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்து வைப்பான். பைத்தான் டிஎல்எல் (கூடவே இருக்கவேண்டிய துணை ஃபைல்) இல்லை என்று திரையில் வரும். ராத்திரி உங்களுக்குப் போன் வரும்.

பேச்சிப்பாறை: அண்ணே, அந்த ஒரே ஃபைல் ஒரு மூட்டை. திறக்கும்போதெல்லாம் பைத்தானையும் லைப்ரரிகளையும் விண்டோஸின் தற்காலிக இடமான டெம்ப்பில் ஒரு புது ஃபோல்டருக்குள் அவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் புரோகிராமே ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கே நேரம் பிடிக்கும். ஒழுங்காக மூடினால் ஃபோல்டரை அழித்துவிடும். மழைக்காலத்தில் மலையோரத்தில் கரண்ட் போகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். ஓடும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் அந்த ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். அடுத்த முறை இன்னொன்று சேரும்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. டேட்டாபேஸை எங்கே வைப்பது என்பதற்கு, புரோகிராமின் பைத்தான் ஃபைல் இருக்கும் இடத்தைக் கேட்டு எழுதியிருந்தால் அது காட்டுவது டெம்ப் ஃபோல்டரை. சாயங்காலம் மூடியதும் அன்றைய சீட்டெல்லாம் போயே போச்சு. ஃபோல்டராகவே வைத்து, இன்ஸ்டாலர் வழியாக நிறுவுவதுதான் நல்லது.

மட்டிப்பழம்: ஆடத் தெரியாதவர் தெருக்கோணல் என்றாராம். ‘சிஸ்.எக்ஸிகியூட்டபிள்’ என்று கேட்டால் இ.எக்ஸ்.இ. இருக்கும் இடம் கிடைக்கும். உங்கள் இன்ஸ்டாலர் மட்டும் யோக்கியமா? புரோகிராம் ஃபைல்ஸில் போட்டால் சாதாரண யூசர் அங்கே எழுதவே முடியாது.

பேச்சிப்பாறை: அங்கே ஏன் போடவேண்டும்? இன்ஸ்டாலர் செய்து தரும் இன்னோ செட்டப்பில் அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் அந்த யூசருக்கு மட்டும் நிறுவலாம். டேட்டாபேஸ் அந்த யூசருக்கே உரிய ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கட்டும். ஷார்ட்கட்டையும் அதுவே வைத்துவிடும், பையன் ஃபோல்டரைப் பார்க்கவே வேண்டாம். ஆன்டிவைரஸ் தொல்லையும் ஒன்ஃபைலில்தான் அதிகம். பைஇன்ஸ்டாலரோடு வரும் பூட்லோடர் (புரோகிராமைத் தொடங்கி வைக்கும் பகுதி) எல்லாருக்கும் ஒன்றுதான், வைரஸ் எழுதுகிறவனும் அதையே எடுக்கிறான். யூபிஎக்ஸ் என்ற கருவி போட்டு ஃபைலைச் சுருக்கினால் சந்தேகம் இன்னும் கூடும்.

முந்திரிக்கொத்து: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பைஇன்ஸ்டாலர் எதையும் மறைக்காது, பைட்கோடை (பைத்தான் மாற்றி வைத்திருக்கும் உங்கள் புரோகிராமை) யார் வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். நூயிட்கா என்ற கருவி சி மொழிக்கு மாற்றி கம்பைல் செய்யும். இ.எக்ஸ்.இ. கட்ட நேரமாகும், ஆனால் புரோகிராமைப் பிரித்தெடுப்பது கடினம்.

மட்டிப்பழம்: 40 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 14 கிலோ ரப்பர். பால் கொண்டுவருகிறவரே மனக்கணக்கில் போடுவார். இதில் என்ன ரகசியம் மக்கா?

ஒட்டுப்பால்: ரகசியம் ஒன்றும் இல்லை. என் லேப்டாப்பில் உபுண்டு, அதிலேயே கட்டலாமா?

பேச்சிப்பாறை: கட்டலாம், ஆனால் அது உபுண்டுவில்தான் ஓடும். விண்டோஸுக்கு வேண்டுமென்றால் விண்டோஸில்தான் கட்டவேண்டும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, அதற்கான பராமரிப்பும் 2024 அக்டோபரில் நின்றுவிட்டது. நெட் இல்லாத கடை என்பதால் சமாளிக்கலாம். 32 பிட் பைத்தானில் கட்டினால் பழைய கம்ப்யூட்டர், புதியது இரண்டிலும் ஓடும்.

ஒட்டுப்பால்: அப்படியானால் 3.8, ஃபோல்டர், இன்னோ செட்டப். செட்டப் ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோகிறேன்.

மட்டிப்பழம்: ஆக, கொண்டுபோவது ஒரே ஃபைல்தானே! நான் முதலில் சொன்னது என்ன?

பேச்சிப்பாறை: ஒரு தடவை அவிழ்ப்பது வேறு அண்ணே, காலையில் பால் கேனோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அவிழ்ப்பது வேறு. தம்பி, புது வெர்ஷன் போடும்போதும், அன்இன்ஸ்டால் செய்யும்போதும் ஆப்டேட்டாவில் இருக்கும் டேட்டாபேஸைத் தொடாதபடி ஸ்கிரிப்டை எழுதுங்கள்.