பேட் செக்டார்: ‘கெட்ட தொகுதி’ வேண்டாம், ‘ஐயக்கூறு’, ‘பழுதுக்கூறு’ என இரண்டாகப் பிரிப்போம்

வணக்கம்.

வன்தட்டில் படிக்க முடியாமல் போகும் சிறு பகுதியான ‘பேட் செக்டார்’ என்பதற்குத் தமிழில் ‘கெட்ட தொகுதி’ என்று வைக்கலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. தொகுதி என்பது கோப்பு முறைமையின் அலகு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அது பெரும்பாலும் 4096 பைட். பழைய வன்தட்டு எண்ணுவதோ 512 பைட் செக்டாரை. செக்டாருக்குக் ‘கூறு’, பிளாக்குக்குத் ‘தொகுதி’ என்று முதலில் பிரித்துக்கொள்வோம்.

‘கெட்ட’ என்பதுதான் பெரிய சிக்கல். வட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 197ஆம் பண்பு, படிக்க முடியாமல் வட்டு நிலுவையில் வைத்திருக்கும் கூறுகளின் எண்ணிக்கை. எழுதும்போது மின்சாரம் போயிருந்தாலும் கூறு இதில் சேரலாம். தட்டின் பூச்சுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே கூற்றில் மீண்டும் எழுதினால் 197 குறையும், உபரிக்கு மாற்றப்பட்ட கூறுகளை எண்ணும் 5ஆம் பண்பு ஏறாது. இதைக் கெட்டது என்று எப்படிச் சொல்வது? இது ‘ஐயக்கூறு’. எழுதியும் தேறாவிட்டால்தான் ‘பழுதுக்கூறு’. அப்போது வட்டு அந்த முகவரியை ஓர் உபரிக்கூற்றுக்குத் திருப்பிவிடும், 5 ஏறும். இதை ‘இடமாற்றம்’ என்றால் தரவும் கூடவே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பயனர் நம்பிவிடுவார். ‘பதிலீடு’ என்போம்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் தரவை இழக்கிறார்கள். வட்டுக்கு நேரடியாக ஆணையிடும் ஹெச்டிபார்ம் கருவியின் எழுதும் கட்டளை அந்த 512 பைட்டையும் சுழியமாக்கிவிடும். அதனால் முதலில் பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ கருவி கொண்டு வேறு வட்டுக்கு முழுப்படி எடுக்க வேண்டும். பிறகு ஸ்மார்ட் நெடுஞ்சோதனை. முதல் பிழையின் முகவரி அதன் பதிவேட்டில் இருக்கும். முகவரி 1000063, வட்டுப் பகிர்வின் (பார்ட்டிஷன்) தொடக்கம் 63 என்றால், 63-ஐக் கழித்து 8-ஆல் (ஒரு தொகுதிக்கு 8 கூறு) வகுக்க, தொகுதி எண் 125000. கோப்பு முறைமையை ஆராயும் டிபக்எஃப்எஸ் கருவியில் ஐசெக், என்செக் கட்டளைகள் இரண்டும் கொடுத்தால் எந்தக் கோப்பு என்று தெரிந்துவிடும். எழுதுவது அதற்குப் பிறகுதான்.

———

மறுமொழி: ஐயக்கூறு அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘கூறு’ பற்றி மட்டும் ஒரு தயக்கம்: உறுப்பு, பாகம் என்ற பொருளிலும் அது வழங்குகிறது. திரையில் ‘பழுதுக்கூறு 12’ என்று தனியாக வந்தால் வட்டின் 12ஆம் பாகம் பழுது என்று படிப்பார்கள். முதல் இடத்திலாவது ‘வட்டுக்கூறு’ என்று விரித்து எழுத வேண்டும்.

‘தொகுதி’யையும் தூக்கி எறிய வேண்டாம், ‘பழுதுத்தொகுதி’ என்று வைத்துக்கொள்வோம். உபரி தீர்ந்துபோன வட்டில் கோப்பு முறைமை தானே ஒதுக்கிவைக்கும் பட்டியலுக்கு அதுதான் சரியான பெயர். எக்ஸ்ட் குடும்பத்தில் அந்தப் பட்டியல் 1ஆம் ஐநோடில் (கோப்பு விவரப் பதிவில்) இருக்கும். பழுதுத்தொகுதிகளைத் தேடும் பேட்பிளாக்ஸ் கருவியைத் தனியாக ஓட்டினால் அது 1024 பைட்டுக்கு ஒன்றாக எண்ணும். அந்த எண்களை 4096 பைட் கோப்பு முறைமைக்குக் கொடுத்தால் நல்ல தொகுதிகள் ஒதுங்கிவிடும், பழுதானவை புழக்கத்திலேயே இருக்கும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் ஈ2எஃப்எஸ்செக்கை -சி விருப்பத்துடன் ஓட்டினால் அளவை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு சொல் தேவை. 1980களின் எம்எஃப்எம் (பழைய பதிவு முறை) வட்டுகளில் பழுதுப் பட்டியல் மேலட்டையிலேயே அச்சாகி ஒட்டியிருக்கும்: உருளை (சிலிண்டர்) எண், தலை (ஹெட்) எண். அடிநிலை வடிவமைப்பின்போது (லோ-லெவல் ஃபார்மட்) அதைக் கையால் தட்டச்சிட வேண்டும். பின்னர் ஸ்கசி, ஐடிஇ ஆகிய இணைப்பு முறைகளின் வட்டுகள் ஆலைப் பட்டியலையும் பயன்பாட்டில் சேரும் பட்டியலையும் உள்ளேயே வைத்துக்கொண்டன. முன்னதற்குப் ‘பிறவிப்பழுது’, பின்னதற்கு ‘வளர்பழுது’ என்று வைக்கலாமா?

ஸ்மார்ட்டில் தரவு கடத்தும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் பண்பு மட்டும் ஏறினால் அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. அதற்குப் ‘பழுது’ என்ற சொல்லே வேண்டாம், ‘கடத்தல் பிழை’ போதும்.