ஹொரிமோனோவுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் தேவை

ர. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஹொரிமோனோ எனும் ஜப்பானியப் பச்சை குத்தும் கலையைச் செய்கிற யோகொஹாமாவின் மூன்றாம் ஹொரியோஷி பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது. 1946இல் பிறந்தவர், 1971இல் இந்தப் பட்டப்பெயரை ஏற்றவர். முதுகு முழுவதையும் ஒரே ஓவியமாக்கி டிராகன், கெண்டை, பியோனிப் பூ என்று நிரப்புகிறவர். 'பச்சை குத்துபவர்' என்று எழுதினேன்; திருவிழாவில் கையில் பேர் குத்துகிற ஆள் மாதிரி இருக்கிறது என்று ஆசிரியர் அடித்துவிட்டார்.

ஜப்பானில் இதற்கு இரண்டு சொல் உண்டு. இரெசுமி என்றால் மையைச் செலுத்துவது. ஹொரிமோனோ என்றால் செதுக்கியது. எடோ காலத்தில் (1603–1868) குற்றவாளிகளுக்குக் குத்திய தண்டனைக் குறியும் இரெசுமிதான் என்பதால் கலைஞர்கள் பலருக்கு இரண்டாவதில்தான் பிரியம். கலைக்கு ஒன்று, கலைஞருக்கு ஒன்று வேண்டும். முடிந்தால் பொகாஷி (மங்கிக்கொண்டே போகும் கருமை), மிகிரி (ஓவியத்தின் ஓரம்) இரண்டுக்கும்.

புலவர் எழுதியது:

புதிதாக எதற்கு? சங்கப் பெண்டிர் தோளிலும் மார்பிலும் எழுதியது தொய்யில். கலைஞர் தொய்யிலர். அது வேண்டாமென்றால் பொறி. பெண்ணாகடத்தில் அப்பர் 'மூவிலைச் சூலம் என்மேல் பொறி' என்று கேட்கிறார். பெரியாழ்வாரும் சக்கரப் பொறி ஒற்றிக்கொண்டதைப் பாடுகிறார். ஊசியா சூடா என்பது வேறு கதை. உடம்பில் நிலைத்த குறி என்பதுதான் பொது. மெய்ப்பொறி, மெய்ப்பொறியாளர். என்ன குறை? இன்னொன்று, ஹகரம் எதற்கு? ஓரியோசி என்று எழுதினால் போதாதா?

கா. எழுதியது:

ஐயா, தொய்யில் குளித்தால் போய்விடும். மெய்ப்பொறி ஐம்பொறிகளில் ஒன்றாக ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மெய்ப்பொறியாளர் என்றால் பொதுப்பணித் துறையில் இருக்கிறாரா என்று கேட்பார்கள்.

ஹொரி, அதாவது செதுக்கல், என்பதைப் பிடித்துக்கொள்வோம். மரப்பலகையில் அச்சுப்படம் செதுக்குகிறவருக்கும் அங்கே ஹொரிஷிதான் பெயர், தோலில் வேலை செய்கிறவருக்கும் அதே பெயர். 1827இல் ஓவியர் குனியோஷி ஒரு சீனக் கதையின் 108 வீரர்களை அச்சுப்படங்களாக வரையத் தொடங்கினார். உடம்பெல்லாம் டிராகனோடு நின்ற அந்த வீரர்களைப் பார்த்துத்தான் எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) தீயணைப்புக்காரர்களும் கூலிகளும் தங்கள் முதுகைக் கொடுத்தார்கள். பலகையிலிருந்து தோலுக்கு வந்த கலை இது. குத்து என்றால் அந்த உறவு அறுந்துபோகும்.

ஆகவே பொளி. எங்கள் ஊரில் அம்மி பொளிவது என்போம். பொள், பொள்ளல், பொளி: துளையும் செதுக்கலும் ஒரே வேரில் இருக்கின்றன. ஊசிக் கற்றையைக் கோலில் கட்டிக் கையால் குத்துவதை தெபோரி என்கிறார்கள், அது கைப்பொளி. கலைஞர் பொளிஞர்.

செ. எழுதியது:

பொளிஞரை அகராதியோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். தவிர, உங்கள் கைப்பொளி ஒரு இடத்தில் இடிக்கிறது. ஹொரியோஷியே 1990களில் கோட்டுருவத்துக்கு மின்கருவியைப் பிடித்துவிட்டார், நிழலுக்கு மட்டும்தான் கைக்கோல். ஒரே முதுகில் பாதி கைப்பொளி, பாதி மின்பொளி என்று எழுதுவீர்களா?

பச்சை என்ற சொல்லில் என்ன இழிவு? கரி மை தோலுக்கடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. அதைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர். ஜப்பானியக் கரி மையும் தோலில் நீலம் பாய்கிறது. நம் பாட்டிகளுக்குக் குத்திய குறத்திகளும் கலைஞர்கள்தான். ஆசிரியருக்கு உறுத்துவது சொல் அல்ல, அவர்கள். ஜப்பானில் மட்டும் மரியாதை கொட்டியதா? 1872இல் மெய்ஜி அரசு தடை போட்டது, 1948இல்தான் நீங்கியது. இடையில் 1881இல் வந்த பிரிட்டிஷ் இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ், கையில் டிராகனோடு திரும்பினார், அது தனிக்கதை. இது மருத்துவத் தொழில் அல்ல, மருத்துவர் உரிமம் வேண்டாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2020இல். பெயரை மாற்றி மரியாதை வாங்க முடிந்திருந்தால் அவர்கள் எப்போதோ வாங்கியிருப்பார்கள். பச்சைக் கலைஞர் என்றே போடுங்கள்.

ஓவிய ஆசிரியர் எழுதியது:

ஓவியத்தையும் 'எழுதுவது' என்றுதானே சொன்னோம், மெய்யெழுத்து என்று வைக்கலாம் என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். என் வகுப்பு க் ங் ச் என்று ஆரம்பித்துவிடும்.

பொகாஷிக்கு வருகிறேன். கருமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெறும் தோல் வரை கொண்டுபோவது. வகுப்பில் 'நிழல் அடிப்பது' என்போம், ஆனால் பொகாஷியில் நிழலே விழுவதில்லை. அலைக்கும் மேகத்துக்கும் பின்னால் இருட்டு மங்குகிறது, அவ்வளவுதான். 'மங்கல்' போதும். மிகிரி என்பது ஓவியம் முடிந்து தோல் தொடங்கும் ஓரம். அதை நேர்கோடாக நிறுத்துவதும் உண்டு, பியோனி இதழ் போல வளைப்பதும் உண்டு. 'கரை'. இதற்கு யாரும் சண்டை போட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

புலவர் எழுதியது:

கரைக்குச் சண்டை இல்லை. ஆனால் டிராகன் எதற்கு? யாளி.

கா. எழுதியது:

யாளி சிங்கம், ஐயா. அதற்குப் பக்கத்தில் வருவது பியோனிப் பூவோடு வரைகிற கராஜிஷி என்ற சிங்கம். டிராகன் பாம்பு உடம்புக்காரர். கெண்டை அருவி ஏறி டிராகன் ஆகிற கதையில் கெண்டை யாளியானது என்று எழுதினால் படிக்கிறவன் பயந்துபோவான்.

ர. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு பக்கம் போய்விட்டது. ஹொரிமோனோவை அப்படியே விட்டு, முதல் இடத்தில் மட்டும் 'செதுக்கியது என்று பொருள்' என்று சேர்த்தேன். கலைஞருக்குப் பச்சை ஓவியர். எண்ணிப் பார்த்ததில் பச்சை பக்கம்தான் கை அதிகம், அதுவும் சலித்துப்போய்த் தூக்கிய கை. மங்கலும் கரையும் வந்துவிட்டன. டிராகன் டிராகனாகவே இருக்கிறது.

கா. எழுதியது:

பச்சை ஓவியர் என்றால் பச்சை நிறத்தில் மட்டும் வரைகிறவர் என்றல்லவா தோன்றும்? என் சொல்தொகுப்பில் பொளிஞர் என்றே ஏற்றிவிட்டேன். ஆட்சேபம் உள்ளவர்கள் தனிமடலில் எழுதுங்கள்.

புலவர் எழுதியது:

தனிமடல் எதற்கு? இங்கேயே எழுதுகிறேன். பொளிதல் கல்லுக்கு. தோலுக்குச் சொல்லாட்சி காட்டுங்கள்.