உயிரியல் பூங்காவில் 5 நாள் கோடைப் பகல் முகாம்: அட்டவணை எப்படிப் போடுவது?

வனமல்லி:
வணக்கம். எங்கள் பூங்காவின் கல்விப் பிரிவு முதன்முறையாகக் குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறது. 24 குழந்தைகள், 7 முதல் 10 வயது, காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை. காலையில் வகுப்பறை, மதியத்துக்கு மேல் விலங்குகள் என்று அட்டவணை போட்டிருக்கிறோம். சரிவருமா? குழந்தைகள் செய்யும் பொருள்களை விலங்குகளுக்குக் கொடுக்கலாமா? தொட்டுப் பார்க்கும் பகுதியில் ஆடுகளும் ஆமைகளும் உண்டு, கைகழுவக் குழாய் ஒன்றுதான். துணைக்கு எத்தனை பேர் வேண்டும்?

கூண்டுச்சாவி:
அட்டவணையை அப்படியே புரட்டிப் போடுங்கள். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். வெயில் ஏறிய பிறகு கூட்டிப்போனால், நிழலில் கிடக்கும் வால் நுனியைத்தான் குழந்தைகள் பார்ப்பார்கள். விலங்கு உலவும் அடைப்பைச் சுத்தம் செய்து, தீவனத்தை ஒளித்துவைத்து, விலங்கை வெளியே விடும் நேரத்தை ஒவ்வொரு காப்பாளரிடமும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விட்டதும் முதல் அரை மணி நேரம் அது நடக்கும், மோப்பம் பிடிக்கும், தேடும். முகாமின் காலைப் பொழுது அதைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

24 பேரும் ஒரே அடைப்பின் முன் நிற்கக் கூடாது. எட்டு எட்டுப் பேராகப் பிரியுங்கள். சும்மா பார்க்கச் சொன்னால் மூன்றாவது நிமிடத்தில் கண்ணாடியைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஒரு தாள் கொடுங்கள்: நடக்கிறது, படுத்திருக்கிறது, தின்கிறது, உடம்பை நக்குகிறது, கண்ணில் படவில்லை என்று ஐந்து கட்டங்கள். 30 நொடிக்கு ஒருமுறை வழிகாட்டி மெதுவாக ‘இப்போ’ என்பார், அந்த நொடியில் கண்டதற்கு ஒரு கோடு. பத்து நிமிடத்தில் 20 கோடுகள். ‘கண்ணில் படவில்லை’ கட்டம் இல்லாவிட்டால் ஊகித்து நிரப்புவார்கள். ‘சோகமா இருக்கு’ என்று யாராவது எழுதினால், அதற்குப் பதில் கண்ணால் கண்டதை எழுதவையுங்கள்: ‘தலை தரையில், கண் மூடியிருக்கு, காது மட்டும் அசையுது.’ குழந்தை உண்மையில் கூர்ந்து பார்க்கத் தொடங்குவது அங்கேதான்.

அட்டைப்பெட்டி:
விலங்குகளுக்குப் பொருள் செய்வதைப் பற்றி. தாராளமாகச் செய்யலாம், ஆனால் எந்த விலங்குக்கு எது என்பதைக் காப்பாளரும் கால்நடை மருத்துவரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எளிது அட்டைப்பெட்டிதான். மெழுகு பூசியது, பளபளப்பாக அச்சடித்தது வேண்டாம். டேப், லேபிள், ஸ்டேப்பிள் ஊசி மூன்றையும் குழந்தைகள் பிடுங்கட்டும், பிறகு பெரியவர் ஒருவர் மடிப்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி ஒளிந்திருப்பது அடிமடிப்பில்தான். மூடியை ஒட்டாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். உள்ளே வைக்கோல், நடுவில் தீவனம். அந்தத் தீவனம் விலங்கின் அன்றைய பங்கிலிருந்தே எடுக்கப்பட வேண்டும், கூடுதலாக அல்ல. துளை போட்டால், மூக்கே நுழையாத அளவு சிறிதாகவோ தலை முழுதும் தாராளமாகப் போய்வரும் அளவு பெரிதாகவோ இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். கயிறு, நூல், ரிப்பன் கூடவே கூடாது.

காகிதக் கூழ் உருண்டை செய்வதானால் ஒரு பங்கு மாவு, இரண்டு பங்கு தண்ணீர். அச்சுக்கு பலூன் வேண்டாம், வெடித்த துண்டு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கசக்கிய காகிதமே போதும். திங்களன்று செய்து புதனன்று கொடுங்கள், உள்ளே ஈரமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். அடைப்புக்குள் கொண்டுபோய் வைப்பது காப்பாளர். ஆனால் விலங்கு அதைக் கிழிக்கும்போது, செய்த குழந்தைகள் எதிரில் நிற்க வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

சோப்புநுரை:
உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது அந்த ஒற்றைக் குழாய்தான். சோப்பு போட்டுத் தேய்க்கவே 20 நொடி. நனைத்து, அலசி, துடைத்தால் தலைக்கு 45 நொடி. 24 பேருக்கு 18 நிமிடம். அதற்குள் வரிசையில் நிற்பவர் மூக்கைத் தேய்ப்பார், விரலை வாயில் வைப்பார். குழாய் பொருத்திய தண்ணீர் கேன் இன்னும் இரண்டு, வாளி, சோப்பு, காகிதத் துண்டு எல்லாவற்றையும் தொடும் பகுதியின் வாசலிலேயே வையுங்கள். சாப்பாட்டு அறைக்குப் போய்க் கழுவலாம் என்று விடாதீர்கள். சானிடைசர் இதற்கு ஈடாகாது: அழுக்குக் கையில் சரியாக வேலை செய்யாது, கிரிப்டோஸ்போரிடியம் கிருமியைக் கொல்லவும் கொல்லாது. நல்ல ஆரோக்கியமான ஆட்டின் சாணத்தில் ஈ. கோலையும் ஆமையின் ஓட்டில் சால்மொனெல்லாவும் இருக்கலாம், இரண்டும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள். தண்ணீர் பாட்டில்கள் வேலிக்கு வெளியே இருக்கட்டும்.

துணைக்கு: 8 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர். கலந்த குழு என்றால் சிறியவர் கணக்கே. ஆக மூவர், கூடவே எந்தக் குழுவிலும் சேராத நான்காமவர். ஒரு குழந்தை கழிப்பறை போக வேண்டுமென்றால் குழுவே நிற்கக் கூடாது அல்லவா? சளி பிடித்த குழந்தையை மனிதக் குரங்குகள் பக்கம் அழைத்துப் போகாதீர்கள், நம்மிடமிருந்து அவற்றுக்கு எளிதில் தொற்றும்.

வனமல்லி:
மிக்க நன்றி. காலையை மாற்றிவிட்டேன். 1 முதல் 3 வரை என்ன செய்யலாம்?

கூண்டுச்சாவி:
நிழலான அறையில் ஆந்தை செரிக்க முடியாமல் கக்கிய எலும்பும் மயிருமான உருண்டைகளைப் பிரிக்கலாம். அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் சுட்டபின், இருவருக்கு ஒன்று. சிறிது நேரம் நீரில் ஊறவைத்தால் எலியின் தாடை எலும்பு பல்லோடு வரும். தூசி ஒவ்வாமை உள்ளவருக்கு முகக்கவசம் கொடுங்கள்.

இன்னொன்று, முதல் நாளே செய்ய வேண்டியது: விலங்கு தப்பிவிட்டதாக அறிவிப்பு வந்தால் எந்தக் கட்டடத்துக்குள் போவது, யார் கதவைப் பூட்டுவது, யார் தலை எண்ணுவது என்று மூன்று குழுக்களையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள்.