5 நாள், தனியா, சத்தமில்லாத வறண்ட பூமி: குப்பத்துல இருந்து எந்தப் பக்கம் போகலாம்?

பாலாற்றங்கரை கேட்டது:

வணக்கம். ஆந்திராவுல குப்பம்ங்கிற ஊர்ல இருக்கேன். ஜனவரி கடைசி வாரம் 5 நாள் லீவு கிடைக்குது. தார் பாலைவனம் மாதிரி ஆள் அரவமில்லாத இடத்துக்குத் தனியா கார்ல போகணும். ஊர் சுத்திப் பாக்கிறது நோக்கமில்ல, ரெண்டு ராத்திரியாவது சத்தமே இல்லாம உக்காந்திருக்கணும். வண்டி 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், வாங்கி 6 வருஷம், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, டயர் இன்னும் மாத்தல. ஜெய்சல்மேர் முடியுமா? வண்டியில என்ன வெச்சுக்கணும்? தனியா போறேன்னதும் வீட்ல பயப்படுறாங்க, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

கல்லுக்குட்டை:

தம்பி, ஜெய்சல்மேர் ஒரு பக்கமே 2,000 கிலோமீட்டருக்கு மேல. தனி ஆள் தினம் 500 ஓட்டினாலும் போக 4 நாள், வர 4 நாள். நீங்க போய்ச் சேரும்போது லீவு முடிஞ்சிருக்கும். இன்னொண்ணு, எல்லாரும் போற சாம் மணல்மேடு, ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டர்ல இருக்கிறது, ஜனவரில கூடாரமும் ஸ்பீக்கரும் ஒட்டகமுமா தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். சத்தம் வேணாம்னு நினைக்கிறவங்க குரிங்கிற கிராமத்துப் பக்கம் ஒதுங்கிடுவாங்க. அந்தப் பக்கத்துக்குப் பத்து நாள் லீவு வேணும்.

உங்க வாசல்லயே ஆந்திராவோட ராயலசீமா இருக்கு. பாலைவனம்னு சொல்ல முடியாது. அனந்தபுரத்துல வருஷ மழை 550 மில்லிமீட்டர் வாக்குல, ஜெய்சல்மேர்ல 200 கூட வராது. ஆனா தென்மேற்கு மழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்குது, வடகிழக்கு மழை கடலோரத்துலயே பெரும்பாலும் தீர்ந்துபோகுது. நடுவுல மாட்டின பூமி இது. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் ஆள் இல்லாத ரோடு தாராளமா கிடைக்கும்.

முதல் நாள் வி.கோட்டா, பலமநேர், புங்கனூர், மதனப்பள்ளி வழியா கதிரி. சுமார் 175 கிலோமீட்டர், அதுக்கு மேல வேணாம். மத்தியானத்துக்குள்ள அறை போட்டுட்டு, 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திம்மம்மா மர்ரிமானு ஆலமரத்தைப் பாத்துட்டு வந்துடலாம். ஏறக்குறைய 5 ஏக்கருக்கு விரிஞ்ச ஒத்தை மரம், 1989ல கின்னஸ்ல ஏறினது. ரெண்டாம் நாள் புலிவெந்துலா, முத்தனூர், ஜம்மலமடுகு வழியா கண்டிகோட்டா, சுமார் 140. பெண்ணாத்துப் பள்ளத்தாக்கு விளிம்புல இருக்கிற பழைய கோட்டை அது. கதிரி சுத்தி செம்மண்ணும் உருண்டைப் பாறையும். புலிவெந்துலா தாண்டிப் போகப் போக பாறை பலகை பலகையா அடுக்கி வெச்ச மாதிரி மாறும். நம்ம வீட்டு அடுப்படியில கிடக்கிற கடப்பாக்கல் இந்தச் சீமையில வெட்டினதுதான்.

கண்டிகோட்டாவுல ரெண்டு ராத்திரி. நாலாம் நாள் பேலம் குகை, தாடிபத்ரி, அனந்தபுரம். அஞ்சாம் நாள் கதிரி வழியாவே வீடு. பேலம் 3,229 மீட்டர் நீளம், அதுல சுமார் ஒண்ணரை கிலோமீட்டர்தான் நடக்க விடுவாங்க. உள்ள புழுக்கம் அதிகம், ஆஸ்துமா இருந்தா யோசிங்க.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி 26ஐ ஒட்டிப் போகாதீங்க, பெங்களூர் வண்டியெல்லாம் அங்கதான் நிக்கும். சனி ஞாயிறும் அப்படியே. ஞாயித்துக்கிழமை கிளம்பினா திங்கள், செவ்வாய் ராத்திரி கோட்டையில கழியும். முடிஞ்சா அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்ன பின்ன பாருங்க.

ஸ்டெப்னி:

ரூட் சொல்லியாச்சு, நான் டயருக்கு வர்றேன். 6 வருஷ டயர்ல பட்டன் (தரையைத் தொடுற வரிகள்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் காஞ்சு போயிருக்கும். டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பக்கச் சுவர்ல மயிரிழை வெடிப்பு தெரிஞ்சா நாலையும் மாத்திட்டுக் கிளம்புங்க. ஸ்டெப்னியும் அதே வயசுதான், அதை மறந்துடுவாங்க.

காத்து, டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்கு, காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்ன. மத்தியான வெயில்ல ஓடின டயர்ல 4, 5 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பாத்து பயந்து காத்தை இறக்குறதுதான் பெரிய தப்பு. காத்து கம்மியான டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிக்கிறது அப்படித்தான்.

இந்த ஊர்ல ஆணியை விட சீமைக்கருவேல முள் அதிகம். முள் உள்ள முறிஞ்சு நின்னுடும், காத்து மெதுவா ராத்திரி பூரா இறங்கும். அதனால தினமும் காலையில அளவு பாருங்க. முந்தின நாளை விட 3 பிஎஸ்ஐ குறைஞ்ச டயர் மேல சோப்புத் தண்ணி ஊத்தினா குமிழி இடத்தைக் காட்டிக் கொடுக்கும். முள்ளைக் குறடால பிடுங்குங்க, எந்தச் சாய்வுல வருதோ அதே சாய்வுல பஞ்சர் கிட்ல இருக்கிற ரீமரை (ஓட்டையைச் சொரசொரப்பாக்குற கம்பி) விட்டுப் பத்துத் தடவை ஏத்தி இறக்குங்க. ரப்பர் திரியை ஊசியில கோத்து, பசை தடவி, ரெண்டு நுனியும் ஒரு சென்டிமீட்டர் வெளிய இருக்கிற வரைக்கும் அழுத்துங்க. ஊசியைத் திருகாம நேரா, சட்டுனு இழுக்கணும். மெதுவா இழுத்தா திரியும் கூட வந்துடும். மிச்சத்தை வெட்டும்போது தோலோட ஒட்டி வெட்டாதீங்க. இது தரையைத் தொடுற பகுதிக்கு மட்டும்தான், பக்கச் சுவர்ல ஓட்டைன்னா ஸ்டெப்னிதான்.

12 வோல்ட் கம்ப்ரசர் வெச்சிருந்தா இன்ஜின் ஓடும்போது போடுங்க, இல்லன்னா பேட்டரி படுத்துடும். கூடவே ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு இஞ்ச் கனத்துல மரப்பலகை. ரோட்டோர மண்ணுல ஜாக்கி காலை நேரா வெச்சா மண்ணுக்குள்ள போயிடும்.

வீட்லயே ஒரு தடவை வீலைக் கழட்டிப் பாருங்க, இது முக்கியம். டயர் கடையில காத்துத் துப்பாக்கியால இறுக்கின நட்டு, வண்டியோட வந்த சின்ன ஸ்பானருக்கு அசையாது. ரெண்டடி இரும்புக் குழாயை ஸ்பானர் வால்ல மாட்டினா சுலபம். நட்டுகளை வண்டி தரையில நிக்கும்போதே அரைச் சுத்து தளர்த்திட்டு, அப்புறம் தூக்குங்க. மாட்டும்போது எதிரெதிர் நட்டா இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒருமுறை.

பாலாற்றங்கரை:

ரொம்ப நன்றிங்கண்ணா. டயர் மாத்திடுறேன், தேதியையும் பிப்ரவரி முதல் வாரத்துக்குத் தள்ளிடுறேன். கண்டிகோட்டா பக்கம் பெண்ணாத்து மணல்ல வண்டியை இறக்கி ராத்திரி அங்கேயே தூங்கலாமா?

ஸ்டெப்னி:

வேணாம். மேல காஞ்ச மணல், ஒரு அடிக்குக் கீழ ஈரம். முன் சக்கர வண்டி மாட்டினா முன்னாடிதான் புதையும். தவறிப்போய் இறங்கி சக்கரம் சுத்த ஆரம்பிச்சா உடனே ஆக்ஸிலேட்டரை விடுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் இன்னும் ஆழமாப் போகும். சக்கரத்துக்குப் பின்னாடி மணலை வாரிட்டு, காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, கால்மிதி விரிப்பைத் தலைகீழா சக்கரத்துக்கு அடியில செருகி, வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல வாங்க. மேல வந்ததும் காத்தை ஏத்தாம தார் ரோட்ல ஓட்டக்கூடாது.

மல்லிப்பந்தல்:

வீட்டு பயத்துக்கு என் பதில். காலை 7, ராத்திரி 7, ரெண்டே போன். நடுவுல ஏரோபிளேன் மோட். 7 மணி போன் வரலன்னா 9 வரைக்கும் பொறுக்கணும், அப்புறம் விடுதிக்குப் போடணும், 10க்கு 112. இதை ஒரு தாள்ல எழுதி, விடுதி நம்பர், வண்டி நம்பர், அன்னைக்குப் போற வழி எல்லாம் போட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. "சிக்னல் கிடைக்கிறப்ப பேசுறேன்"னு சொன்னா அவங்களுக்கும் தூக்கம் போகும், நீங்களும் நாள் பூரா சிக்னல் தேடிட்டு இருப்பீங்க. ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலையில வண்டி நின்னா 1033. மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வெச்சுக்கோங்க.

தண்ணி குடிக்க நாளைக்கு 4 லிட்டர், அது போக 5 லிட்டர் கேன் ஒண்ணு தொடாம டிக்கியில. ஓஆர்எஸ் நாலு பாக்கெட். ஹீட் முள் ஏறினா ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசா திறந்துவிட்டு ஓரங்கட்டுங்க. ரேடியேட்டர் மூடியை முக்கால் மணி நேரத்துக்குத் தொடக்கூடாது.

அந்தச் சீசன்ல வண்டி மிதிச்சுப் பிரியட்டும்னு கொள்ளுச் செடியை ரோட்ல பரப்பியிருப்பாங்க. மேல ஏத்தாம சுத்திப் போங்க. கொடி ஆக்சில்ல சுத்திக்கும், சூடான சைலன்சர்ல பட்டா தீப்பிடிக்கும். தெரியாம ஏறிட்டா அடுத்த மரத்தடியில நிறுத்திக் குனிஞ்சு பாத்து, இருந்தா பிச்சு எடுத்துட்டுதான் நகரணும். இருட்டினப்புறம் ஓட்டவே வேணாம். பின் விளக்கில்லாத டிராக்டரும் ஆட்டு மந்தையும் பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியும்.

கல்லுக்குட்டை:

மல்லிப்பந்தல் அம்மா சொன்னது சரி. கண்டிகோட்டாவுல பள்ளத்தாக்கு விளிம்புல தடுப்பு இருக்கும்னு நம்பாதீங்க, கீழே சுமார் 300 அடி. பலகைக் கல்லு சிலது ஆடும், ஈரமா இருந்தா பக்கத்துலயே போகாதீங்க. தங்க அரசு ஹரிதா விடுதி கோட்டைக்கு முன்னாடியே இருக்கு, முன்கூட்டியே பதிவு பண்ணிடுங்க. சாப்பாட்டைப் பையில வெச்சுட்டு நடந்தா குரங்கு வாங்கிட்டுப் போயிடும்.

எல்லாரும் நிக்கிற காட்சி முனையில நீங்க தேடுற அமைதி கிடைக்காது. மாதவராயர் கோயிலைத் தாண்டி ஆள் இல்லாத பக்கமா விளிம்புல இருந்து பத்தடி உள்ள ஒரு கல்லைப் பிடிச்சுக்கோங்க, சாயங்காலம் 4 மணிக்கே. வண்டியை 200 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. இன்ஜின் ஆறும்போது கால் மணி நேரம் டிக் டிக்னு சத்தம் வந்துட்டே இருக்கும், அது நின்னப்புறம்தான் காத்துச் சத்தமே காதுல விழும். இருட்டுறதுக்கு முன்னாடியே திரும்பி வர்ற தடத்தை ஒருமுறை நடந்து பாத்துடுங்க. டார்ச் ரெண்டு, ஒண்ணு தலையில மாட்டுறது.

பிப்ரவரி முதல் வாரம்னா ராத்திரி 9:30 வாக்குல விடுதி வாசல்ல இருந்தே தெற்கே பாருங்க. அடிவானத்துக்கு மேல, கை நீட்டிப் பிடிச்சா ரெண்டு முஷ்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேல, ஒத்தையா பளிச்சுனு நிக்கிறது அகஸ்தியர் நட்சத்திரம். காலையில ஜம்மலமடுகுல உக்காணியும் (பொரியில செய்யுற உப்புமா) பஜ்ஜியும் கிடைக்கும். பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிடுங்க, பாதி டேங்குக்குக் கீழ போக விடாதீங்க.