பெடல் ஆர்கனை யார் தூக்குவது?

குழு: ஆர்கன் சொந்தங்கள்

நவம்பர் 12, புதன்

டீச்சர் அக்கா: எல்லோருக்கும் காலை ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் கூடுகைக்கு நாள் குறித்தாகிவிட்டது. டிசம்பர் 6, சனிக்கிழமை, மாலை 4 மணி. இந்த வருஷம் நம் கோயில் முறை. குருவானவர் ஐயாவும் சரி சொல்லிவிட்டார். யார் வருகிறீர்கள், என்ன பாட்டு வாசிக்கிறீர்கள் என்று இன்றைக்கே போடுங்கள். போன வருஷம் மூன்று பேர் 'பக்தரே வாரும்' வாசித்தீர்கள்.

தூத்துக்குடி சித்தப்பா: வருகிறேன்

பெங்களூர் தம்பி: லீவு போட்டாச்சு அக்கா. 5ஆம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன்.

சின்ன மதினி: சாப்பாடு எத்தனை பேருக்கு?

டீச்சர் அக்கா: முதலில் பாட்டைச் சொல்லட்டும் மதினி.

தூத்துக்குடி சித்தப்பா: பக்தரே வாரும்

டீச்சர் அக்கா: சித்தப்பா!!

கோயில் தம்பி: அக்கா, ஒரு விஷயம். நேற்று சாமான் அறையைக் கூட்டப் போனேன். பழைய பெடல் ஆர்கன் மேல் கிடந்த ஜமுக்காளத்தை எடுத்துவிட்டுச் சும்மா மிதித்துப் பார்த்தேன். சத்தம் வருகிறது! 61 கட்டையில் 52 பேசுகிறது. ஒரு கட்டை மட்டும் கையை எடுத்த பிறகும் கத்திக்கொண்டே இருக்கிறது.

கோயில் தம்பி: [குரல் பதிவு, 1 நிமிடம்]

பெங்களூர் தம்பி: அய்யோ அந்தச் சத்தம்

நாசரேத் மாமா: கத்துகிற கட்டை எது

கோயில் தம்பி: நடு 'சி'க்கு மேலே வரும் 'எஃப்' மாமா.

நாசரேத் மாமா: மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். இல்லையென்றால் அடியில் தூசி உட்கார்ந்து மூடி சரியாக மூடவில்லை. கத்தியை வைத்து எதையும் சுரண்டிவிடாதே. நான் வருகிறேன்.

பாளை பெரியப்பா: தம்பி, பதிவை நான்கு தடவை கேட்டேன். மிதிக்கும்போது முதலில் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறதே, கவனித்தாயா? நம் வீடுகளில் இருக்கிற கை ஆர்மோனியம் காற்றை ரீட் வழியாக, அதுதான் சத்தம் எழுப்புகிற பித்தளை நாக்கு, வெளியே தள்ளும். இந்தப் பெட்டி அமெரிக்க வகை. துருத்தி காற்றை உள்ளே உறிஞ்சும். அதனால்தான் சத்தம் கூர்மையில்லாமல் கனிந்து வருகிறது. ஆனால் அதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. வெளிக்காற்று ரீட் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அந்தக் காற்றோடு கோயில் தூசி முழுவதும் ரீட் நாக்கில் போய் ஒட்டும். பேசாத ஒன்பது கட்டையும் செத்துப்போனவை என்று நினைக்க வேண்டாம். பித்தளை நாக்கு அவ்வளவு சீக்கிரம் சாகாது. ரீட்டை உருவி, மெல்லிய தூரிகையால் தட்டினாலே பாதி எழுந்துவிடும். சுருதி விலகிய ரீட்டையும் சரிசெய்யலாம், நுனியில் லேசாக உரசினால் சுருதி ஏறும், அடியில் உரசினால் இறங்கும். ஆனால் அதை மாமா மட்டும்தான் செய்ய வேண்டும். ஒரு உரசல் கூடிப்போனால் திருப்பி ஒட்டவைக்க முடியாது.

நாசரேத் மாமா: ஆமாம்

சின்ன மதினி: 40 பேர் என்று வைத்துக்கொள்ளவா

கடைத்தெரு அண்ணாச்சி: அதை ஏன் இப்போது வெளியே எடுக்கிறீர்கள்? நல்ல கீபோர்டு இருக்கிறதே.

டீச்சர் அக்கா: கீபோர்டு இருக்கிறது அண்ணாச்சி. 2014இல் அது வந்த சனிக்கிழமை ராத்திரி, பெடல் ஆர்கனைச் சாமான் அறைக்குத் தள்ளினீர்கள். கமிட்டியில் ஒருவர்கூட அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை அப்பா பாமாலைப் புத்தகத்தோடு போய் நின்றார். பெட்டி இருந்த இடத்தில் கீபோர்டு ஸ்டாண்டு நின்றது. 38 வருஷம் வாசித்த மனிதர். அன்றிலிருந்து கடைசி பெஞ்சுதான். அப்புறம் ஒரு பாட்டும் வாசிக்கவில்லை.

பெங்களூர் தம்பி: அக்கா இது இப்போது வேண்டாமே

டீச்சர் அக்கா: நான் சொல்லி முடித்துவிட்டேன்.

(மாலை)

கோயில் தம்பி: துருத்தித் துணியில் இரண்டு ஓட்டை. எலி வேலை. படம் அனுப்பியிருக்கிறேன்.

தூத்துக்குடி சித்தப்பா: எலி நல்லது. 'ஒப்பில்லா திரு இரா' பிறந்ததே எலி ஆர்கனைக் கடித்ததால்தானே

பாளை பெரியப்பா: தம்பி, அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் நானே சொல்லியிருக்கிறேன், பிறகு தேடிப் படித்துத் திருத்திக்கொண்டேன். 1818 டிசம்பர் 24, சால்ஸ்பர்க் பக்கத்தில் ஓபர்ன்டார்ஃப். பாட்டின், அதாவது 'சைலண்ட் நைட்'டின், வரிகள் உதவிக் குருவானவர் யோசேஃப் மோர் 1816இலேயே எழுதி வைத்திருந்தவை. அன்றைக்கு அதை ஃபிரான்ஸ் க்ரூபரிடம் கொடுத்தார். க்ரூபர் பக்கத்து ஊர் வாத்தியார், ஆர்கன்காரர், நம்மைப் போல. இரண்டு குரலுக்கும் கிட்டாருக்குமாக மெட்டுப் போட்டு அன்று ராத்திரியே இருவரும் பாடினார்கள். கிட்டார் உண்மை. எலிக்கு ஆதாரம் இல்லை. 1854இல் க்ரூபர் தன் கைப்பட அந்த நாளின் வரலாற்றை எழுதினார், அதில் எலி வரவில்லை. எனக்கு இதில் பிடித்தது வேறு. அந்த ஊர் ஆர்கனைப் பழுது பார்க்க வந்த மௌராஹர் என்பவர்தான் பாட்டை எழுதிக்கொண்டு தன் ஊரான சில்லர்டாலுக்குப் போனார். அங்கிருந்த பாடகர் குடும்பங்கள் அதை ஊர் ஊராகப் பாடி உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆர்கன் பழுது பார்ப்பவர் வந்தால் கூடவே நல்லதும் வரும்.

நாசரேத் மாமா: 🙏

நாசரேத் மாமா: எனக்குச் சனிக்கிழமை ஒத்துவராது. ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நாசரேத் மாமா: [படம்]

நாசரேத் மாமா: ரீட் அத்தனையும் உருவியாச்சு. ஒன்பதில் ஏழு பேசுகிறது. எஃப் அடங்கிவிட்டது. துருத்திக்கு ரப்பர் துணி வேண்டும். அண்ணாச்சி கடையில் இருக்குமா

கடைத்தெரு அண்ணாச்சி: இருக்கும். பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

டீச்சர் அக்கா: எவ்வளவு என்று சொல்லுங்கள் அண்ணாச்சி.

கடைத்தெரு அண்ணாச்சி: பரவாயில்லை.

கோயில் தம்பி: ஒரு பிரச்சினை. கீபோர்டையும் ஆர்கனையும் சேர்த்து வாசித்துப் பார்த்தோம். பல் கூசுகிறது. டிரான்ஸ்போஸில் ஒன்று ஏற்றினால் கீபோர்டு மேலே போகிறது, எடுத்தால் கீழே நிற்கிறது.

பாளை பெரியப்பா: போனில் சுருதி பார்க்கிற செயலி இருக்கிறதா? நடு 'ஏ' கட்டையை அழுத்தி எண்ணைச் சொல்.

கோயில் தம்பி: 451. ஒரு சமயம் 452.

பாளை பெரியப்பா: அதுதானே பார்த்தேன்! இது பழைய சுருதி. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வாத்தியங்கள் பல 'ஏ' 452ஐ ஒட்டி ஏறித்தான் இருக்கும். இன்றைய கணக்கு 440. வித்தியாசம் அரைக்கட்டையில் கிட்டத்தட்டப் பாதி. டிரான்ஸ்போஸ் பொத்தான் அரை அரைக் கட்டையாகத்தான் தாவும், நடுவில் நிற்காது. கீபோர்டில் ஃபங்ஷன் உள்ளே டியூனிங் என்று தனியாக ஒன்று இருக்கும், அதில் 440ஐ 452க்கு ஏற்று. பெட்டியின் ரீட்டை இறக்குகிற பேச்சே வேண்டாம்.

கோயில் தம்பி: இருக்கிறது பெரியப்பா! 451.5இல் வைத்தேன். சேர்ந்துவிட்டது.

கோயில் தம்பி: [குரல் பதிவு, 3 நிமிடம்]

பெங்களூர் தம்பி: ஆபீசில் ஹெட்போனில் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் கீபோர்டை நிறுத்திவிட்டு ஆர்கன் மட்டும் வருகிற இடம்... கண் கலங்கிவிட்டது.

சின்ன மதினி: அப்போ என் மகன் ஃப்ளூட்?

பாளை பெரியப்பா: ஃப்ளூட் அவ்வளவு ஏறாதும்மா. குழலை முழுவதும் உள்ளே தள்ளினாலும் எட்டாது.

சின்ன மதினி: இரண்டு மாதமாகப் பழகுகிறான். இப்போது சொன்னால் எப்படி

டீச்சர் அக்கா: அவன் தனியாகக் கீபோர்டோடு ஒன்று வாசிக்கட்டும் மதினி. அந்த நேரம் தம்பி 440க்கு இறக்கிவிடுவான்.

சின்ன மதினி: தனியாகவா. எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற கூடுகை என்றுதானே பிள்ளையிடம் சொன்னேன்

தூத்துக்குடி சித்தப்பா: பாவம் பிள்ளை

பெங்களூர் தம்பி: வயலின்காரர்கள் தந்தியை முறுக்கி ஏற்றிக்கொள்ளலாம், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை

சின்ன மதினி: என் மகன் வயலின் இல்லையே

டீச்சர் அக்கா: யோசிப்போம் மதினி. விடமாட்டேன்.

நவம்பர் 19, புதன்

பாளை பெரியப்பா: டீச்சரம்மா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அந்தப் பெட்டியில் முதல் பாட்டை அப்பா வாசிக்க வேண்டும். வேறு யார் வாசித்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. அவர் மிதிக்கும்போது வலது காலும் இடது காலும் மாறுகிற இடமே தெரியாது. ஒரே மூச்சு. பாட்டின் கடைசி அடியில் பாதி மிதியோடு விட்டுவிடுவார், சத்தம் தானாகக் கரையும். அதைப் பார்த்துத்தான் நானே கற்றுக்கொண்டேன்.

டீச்சர் அக்கா: பெரியப்பா, முட்டி வலி. வீட்டுப் படி இறங்கவே என் தோளைப் பிடிக்கிறார். மிதிக்க முடியாது.

கோயில் தம்பி: நான் கீழே உட்கார்ந்து கையால் மிதியை அழுத்துகிறேன் அக்கா. ஞாயிறன்று மாமாவுக்கு அப்படித்தான் செய்தேன். தாத்தா கையை மட்டும் வைத்தால் போதும்.

நாசரேத் மாமா: முடியும். நன்றாக அழுத்துகிறான்

டீச்சர் அக்கா: அவர் வரவேண்டுமே. அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் நடுவில்.

கோயில் தம்பி: அக்கா, தூக்கி எறியவில்லை. நான் இதைச் சொல்லலாமா தெரியவில்லை. 2023 டிசம்பர் 17, வெள்ளம் வந்த ராத்திரி, கோயிலுக்குள் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. எனக்குக் கீபோர்டைக் காப்பாற்றுகிற நினைப்புத்தான். அண்ணாச்சி நேராகச் சாமான் அறைக்குப் போனார். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, நானும் அவரும் உபதேசியாருமாகப் பெடல் ஆர்கனைத் தூக்கி மேலே வைத்தோம். அவர் கடையில் அப்போது சிமெண்ட் மூட்டை முழுவதும் தண்ணீருக்குள். யாரிடமும் சொல்லாதே என்றார்.

தூத்துக்குடி சித்தப்பா: அப்படியா

பாளை பெரியப்பா: அண்ணாச்சி

பெங்களூர் தம்பி: 🙏🙏

கடைத்தெரு அண்ணாச்சி: இதை எதற்குக் குழுவில் போடுகிறாய்.

(இரவு 10.20)

டீச்சர் அக்கா: எனக்குத் தெரியாது அண்ணாச்சி.

கடைத்தெரு அண்ணாச்சி: 2014இல் நாங்கள் செய்தது தப்பு. ராத்திரியோடு ராத்திரியாகச் செய்திருக்கக் கூடாது. நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை முன்னால் கொண்டுவர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், தூக்க வருகிறேன். பேசத்தான் எனக்குத் தெரியாது.

நாசரேத் மாமா: ஆறு பேர் வேண்டும். சாய்க்கக் கூடாது. மேல்தட்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கழன்று வரும்

நவம்பர் 21, வெள்ளி

சின்ன மதினி: சாப்பாடு: இட்லி, வடை, கேசரி. முந்திரிக்கொத்து நான் செய்கிறேன். சரியா

தூத்துக்குடி சித்தப்பா: பிரியாணி இல்லையா

சின்ன மதினி: 4 மணிக்கு யார் பிரியாணி சாப்பிடுவார்கள்

தூத்துக்குடி சித்தப்பா: நான்

பெங்களூர் தம்பி: நான்

கோயில் தம்பி: நானும்

டீச்சர் அக்கா: அப்பாவிடம் பேசிவிட்டேன்.

பாளை பெரியப்பா: என்ன சொன்னார்?

டீச்சர் அக்கா: ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி அனுப்பிய பதிவைப் போட்டுக் காட்டினேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். மறுபடி போடு என்றார். "எஃப் கட்டையைச் சரி பண்ணிவிட்டானா, அது மழைக்கு மழை அப்படித்தான் கத்தும்" என்றார். வெள்ளத்து ராத்திரி விஷயத்தையும் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது, "உள்ளே ஒரு குண்டு பல்பு எரியவிடச் சொல், ஈரம் தங்காது" என்றார்.

நாசரேத் மாமா: போட்டாச்சு. பாச்சை உருண்டையும் போட்டாச்சு

பாளை பெரியப்பா: வருகிறேன் என்று சொன்னாரா இல்லையா?

டீச்சர் அக்கா: அதைச் சொல்லவில்லை. இன்று காலை வேறொன்று கேட்டார். நம் பாட்டுகள் முழுவதற்கும் சோல்ஃபா, அதுதான் ஸ்வர எழுத்து, எழுதி வைத்த நோட்டு, காக்கி அட்டை, நான்கு குரலும் அவர் கையெழுத்தில் இருக்கும். அது எங்கே என்கிறார். வீடு முழுவதும் தேடிவிட்டேன்.

பெங்களூர் தம்பி: அது என்னிடம் இருந்தது அக்கா. கல்லூரியில் பாடகர் குழுவுக்காக வாங்கினேன். 2019இல் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேனே.

டீச்சர் அக்கா: சித்தப்பா?

பாளை பெரியப்பா: அந்த நோட்டு போனால் திரும்பக் கிடைக்காது. டெனர் வரியெல்லாம் அவரே மாற்றி எழுதியது. அச்சில் இல்லை.

டீச்சர் அக்கா: சித்தப்பா, பார்த்தீர்களா?

தூத்துக்குடி சித்தப்பா: எந்த நோட்டு