2 டிபி பென்டிரைவ்: காப்பி ஆன வீடியோக்கள் பாதியில் நிற்கின்றன

கேள்வி (செவ்வந்தி)
ஆன்லைனில் 599 ரூபாய்க்கு வாங்கிய பென்டிரைவ். விண்டோஸில் 1.81 டிபி காட்டுகிறது. கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் சேர்த்து 140 ஜிபி ஏற்றியாயிற்று, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. முதலில் ஏற்றிய போல்டர்கள் நன்றாகத் திறக்கின்றன. கடைசியாக ஏற்றியவற்றில் பெயரும் அளவும் சரி, ஆனால் வீடியோ ஓடவில்லை, போட்டோவில் பாதி சாம்பல் நிறம். ஃபார்மேட் செய்யலாமா? ரெக்கவரி சாஃப்ட்வேர் உதவுமா?

சிலிக்கான் சித்தன்
ஃபார்மேட் வேண்டாம். அதில் இனி ஒரு ஃபைல்கூட எழுதாதீர்கள். லேப்டாப்பிலும் கேமரா கார்டிலும் ஒரிஜினல் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். செருகியதும் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று விண்டோஸ் கேட்டால் மூடிவிடுங்கள். திறக்கிற ஃபைல்களை மட்டும் உடனே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

இது கொள்ளளவுப் போலி. உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபி சிப்பாக இருக்கும். தன் அளவு என்னவென்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது பென்டிரைவில் உள்ள கன்ட்ரோலர், அதாவது அதை இயக்கும் சிப்தான். அதன் ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்திருக்கும் இயக்க மென்பொருளை) மாற்றி 2 டிபி என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்புகிறது. ஃபைல்களின் பெயர், அளவு அடங்கிய அட்டவணை டிரைவின் தொடக்கத்தில், அதாவது நிஜமான சிப்பில் பதிகிறது. அதனால்தான் பெயரெல்லாம் அழகாகத் தெரிகிறது. உள்ளடக்கம் நிஜ எல்லையைத் தாண்டியதும் கன்ட்ரோலர் 'எழுதிவிட்டேன்' என்று பதில் சொல்லிவிட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

இன்னொரு வகை, எல்லை வந்ததும் சுற்றிவந்து மறுபடி முதலிலிருந்து எழுதும். அதில் பழைய ஃபைல்கள்தான் முதலில் கெடும். உங்களுக்குப் பழையவை பிழைத்திருப்பதால் முதல் வகையாகத் தெரிகிறது. அப்படியானால் கெட்டுப்போன வீடியோக்கள் அந்தச் சிப்பில் பதியவே இல்லை. ரெக்கவரி கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள், எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கருவிப்பெட்டி
உறுதி செய்ய ஒரே வழி, எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிடுவது. ப்ராப்பர்ட்டீஸில் தெரியும் அளவு சாட்சியாகாது.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி போதும். நல்ல ஃபைல்களை வெளியே எடுத்தபின் டிரைவைக் காலி செய்து, மொழியை ஆங்கிலமாக்கி, டிரைவைத் தேர்ந்தெடுத்து 'ரைட் + வெரிஃபை' அழுத்துங்கள். 1 ஜிபி அளவில் ஃபைல்களை எழுதிக்கொண்டே போகும். மலிவு டிரைவ்கள் பலவும் நொடிக்கு 10 எம்பி வேகத்தில்தான் எழுதும். முழு 2 டிபிக்கு 55 மணி நேரம் ஆகிவிடும். அதனால் எவ்வளவு எழுத வேண்டும் என்ற கட்டத்தில் 1,50,000 எம்பி கொடுங்கள், எழுதுவது 4 மணி நேரத்தில் முடியும். அதில் தோற்றால் போலி. தேறினால் அந்த 150 ஜிபி வரை நல்லது என்று மட்டுமே அர்த்தம். மீதியையும் சோதித்தாக வேண்டும்.

லினக்ஸில் எஃப்3 என்ற சோதனைக் கருவிகளின் தொகுப்பு இருக்கிறது. அதில் எஃப்3ப்ரோப் முழுவதையும் எழுதாமல் ஆங்காங்கே தொட்டுப் பார்த்து, சில நிமிடங்களில் நிஜ அளவையும் போலியின் வகையையும் சொல்லிவிடும். 'டிஸ்ட்ரக்டிவ்' ஆப்ஷன் கொடுத்தால் உள்ளே இருப்பது அழியும், கவனம்.

பனைமரம்
இடையில் ஒரு சந்தேகம். என் 64 ஜிபி டிரைவில் 59.6 காட்டுகிறது, அதுவும் போலியா?

கருவிப்பெட்டி
அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பெட்டியில் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. 64 ஜிபி அந்தக் கணக்கில் 59.6தான். உங்கள் டிரைவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 64 ஜிபிக்கு எழுதும் வேலை 2 மணி நேரத்துக்குள் முடியும்.

செவ்வந்தி
சோதித்தேன், 58 ஜிபிக்கு மேல் எல்லாமே பிழை. அந்த 58 ஜிபியை மட்டும் பயன்படுத்த முடியுமா?

சிலிக்கான் சித்தன்
முடியும். எஃப்3ஃபிக்ஸ் கொண்டோ, விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி கொண்டோ 55 ஜிபிக்கு ஒரே பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) போட்டு, மீதியைத் தொடாமல் விடலாம். டிஸ்க்பார்ட்டில் 'க்ளீன்' கட்டளைக்கு முன் டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். எண் மாறினால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் போய்விடும். பின்னாளில் யாராவது அந்தப் பார்ட்டிஷனை நீக்கிப் புதிதாகப் போட்டால் பழைய பொய் அளவு திரும்பிவிடும். இதில் போடும் சிப்புகள் பெரும்பாலும் தரம் குறைந்தவை. காரில் பாட்டுக் கேட்கப் போதும், கல்யாண வீடியோவுக்கு வேண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பனைமரம்
ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் கேளுங்கள். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட், விற்பனைப் பக்கத்தில் '2 டிபி' என்று இருக்கும் படம், பில் மூன்றையும் இணையுங்கள். பென்டிரைவின் மேல்கூட்டைப் பிரிக்காதீர்கள், உடைந்த பொருள் என்று மறுத்துவிடுவார்கள். விற்றவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கருவிப்பெட்டி
அனுப்பும் முன் ஒன்று. க்விக் ஃபார்மேட் அட்டவணையை மட்டுமே அழிக்கும். போட்டோக்கள் சிப்பில் அப்படியே இருக்கும், எடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். உங்கள் விஷயத்தில் டிரைவைக் காலி செய்தபின் 150 ஜிபி எழுதியதிலேயே நிஜமான 58 ஜிபி முழுவதிலும் சோதனைத் தரவு பதிந்துவிட்டது. அந்தச் சோதனை ஃபைல்களை அழிக்காமல் அப்படியே பார்சல் செய்யுங்கள்.