அமெரிக்க வேட்டைக்காரர் கச்சையை மாட்டிக்கொண்டு பனை ஏறப் பார்க்கிறேன், பின்னால் சாயத்தான் வரவில்லை

வடலிக்காடு:

எல்லாருக்கும் வணக்கம். சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகிற வழியில் எங்கள் ஊர். அப்பா பனையேறி. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு சித்திரையில் மரத்திலிருந்து விழுந்தார். உச்சியில் பிடித்த மட்டை காய்ந்து போயிருந்தது, கையோடு வந்துவிட்டது. உயிர் தப்பியது, இடது கால் மட்டும் அதோடு சரி. அன்று ராத்திரியே அம்மா, அப்பா காலில் மாட்டி ஏறுகிற தளைநாரைத் தூக்கி அடுப்பில் போட்டாள். நான் மரத்தில் கால் வைக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாள்.

படித்தேன், திருப்பூரில் பதினாறு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தேன், இப்போது 39 வயதில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். வீட்டைச் சுற்றி 14 பனை நிற்கிறது. ஏற ஆள் கிடைப்பதில்லை. தென்னை ஏறும் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். அதன் வளையம் பனையின் தூருக்குப் பற்றவே இல்லை.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் பொங்கலுக்கு வந்தபோது ஒரு பை கொண்டுவந்தான். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் தொங்கிக்கொண்டு உட்கார மாட்டுவதாம். ட்ரீ சேடில் என்கிறான். இடுப்பையும் பின்புறத்தையும் தாங்குகிற ஒரு துணி ஊஞ்சல். அதன் இரண்டு பக்கத்தையும் சேர்த்து முன்னால் ஒரு சின்னக் கயிறு, அதற்குப் பிரிட்ஜ் என்று பெயர். மரத்தைச் சுற்றிக் கட்டுகிற கயிறு டெதர். ஏறும்போது இடுப்போடு மரத்தை அணைத்துப் போகிற இன்னொன்று லைன்மேன் கயிறு. கூடவே ஒரே ஒரு அலுமினிய ஏணித்துண்டு. இதை எல்லாம் பார்த்துவிட்டு அம்மா, "கயிறு கட்டிக்கிட்டு ஏறுறதா இருந்தா ஏறு" என்று ஒரு வழியாகச் சம்மதித்தாள்.

மச்சான் விமானம் ஏறிப் போய்விட்டான். நான் வீட்டு வேப்பமரத்தில் ஒரு முழ உயரத்தில் கட்டிப் பார்க்கிறேன். மூன்று தொல்லை:

இடுப்பு எலும்பு இரண்டையும் யாரோ கிடுக்கியில் வைத்து நெரிக்கிற மாதிரி வலிக்கிறது, பத்து நிமிடம் தாங்கவில்லை. சாய்ந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்று தோள் மரத்தில் இடிக்கிறது. மூன்றாவதுதான் பெரியது. கயிறு தாங்கும் என்று தெரியும், 300 பவுண்டு வரை என்று அட்டையில் போட்டிருக்கிறது, நான் 68 கிலோதான். ஆனாலும் கையை மரத்திலிருந்து எடுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிற அப்பா சிரிக்கிறார்.

யாராவது இதைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா?

கீழக்கரைக்காரன்:

சலாம் அண்ணே. நான் மிச்சிகனில் இருக்கிறேன், ஆறு வருடமாக சேடிலில்தான் வேட்டை. (யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கே உரிமம் வாங்கி, பருவம் பார்த்துப் போகிறோம். அம்புக்கு அக்டோபர் 1, துப்பாக்கிக்கு நவம்பர் 15. நம்ம ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பேச்சே கிடையாது.)

முதல் இரண்டும் எல்லாருக்கும் வருவதுதான். நெரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் பிரிட்ஜ் ரொம்பக் குட்டையாக இருப்பது. குட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் உள்நோக்கி இழுத்து இடுப்பை அமுக்கும். நீட்டி விடுங்கள், இழுப்பு நேராகும். அப்புறம், சேடிலை பேண்ட் பெல்ட் போல மேலே ஏற்றிக் கட்டியிருப்பீர்கள். இறக்குங்கள். கீழ் விளிம்பு பின்புறத்துக்கு அடியில், தொடை தொடங்குகிற இடத்தில் இருக்க வேண்டும். கால் வார் தளர்வாகவே இருக்கட்டும். அது எடையைத் தாங்க வந்ததல்ல, சேடில் மேலே நழுவிவிடாமல் இருக்கத்தான்.

டெதரை நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து நெற்றி உயரத்தில் கட்டுங்கள். அதில் புரூசிக் முடிச்சு இருக்கும், நகர்த்தினால் நகரும், எடை விழுந்தால் இறுகும். அதை மேலே தள்ளி, தொய்வே இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொய்வு இருந்தால் சறுக்கும்போது அவ்வளவு தூரம் விழுந்து ஒரு வெட்டு வெட்டும். டெதரில் உடம்பு தொங்க மட்டுமே, விழுந்து பிடிக்க அல்ல.

சுழல்வதற்கு மருந்து முழங்கால். இரண்டு முழங்காலையும் மரத்தில் ஊன்றுங்கள், முட்டிக்குப் பழைய ரப்பர் பாயை வெட்டிக் கட்டிக்கொண்டால் போதும். சாய்ந்து நிற்பது, முட்டி ஊன்றி உட்காருவது, ஒரு பக்கம் ஒருக்களிப்பது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இருப்பில் யாராலும் முடியாது. நானே நாலைந்து மணி நேரம் இருக்கிறேன் என்றால் அதில் நூறு தடவை அசைகிறேன்.

மூன்றாவதுக்கு: தரையிலேயே இருங்கள். ஒரு வாரம், தினமும் சாயங்காலம் அரை மணி. அதில் தொங்கிக்கொண்டே டீ குடியுங்கள், போன் பாருங்கள், அம்மாவோடு சண்டை போடுங்கள். கை தானாக விடும்.

நரிப்பையூர் கலயம்:

அண்ணே, எங்க அப்பா சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன். அப்பாவுக்கு 66 வயது, போன வருடம் வரை ஏறினார். அவர் சொன்னது அப்படியே:

"தம்பி, அந்தக் கச்சையை உண்டாக்கினவன் ஒரு மரத்தில ஏறி நாள் முழுக்க உட்காருற ஆளு. நாங்க நாள் முழுக்க ஏறுற ஆளுக, ஒரு மரத்திலயும் உட்காரமாட்டோம். நாற்பது மரம், காலையிலயும் சாயங்காலமும். ஒரு மரத்துக்குக் கச்சை மாட்டி, கயிறு மாத்தி, கால் மணி நேரம் ஆச்சுன்னா பதநீர் பூராவும் புளிச்சிரும். அதனால பதநீர் யோசனையை இப்போதைக்கு மூட்டை கட்டி வை. நுங்கு வெட்டவும், காஞ்ச மட்டை கழிக்கவும் அது போதும்."

இன்னொன்றும் சொல்கிறார், இது முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னார். பனையில் கிளை இல்லாததால் கயிறு தடையில்லாமல் கழுத்து வரை போய்விடும். கழுத்துக்கு மேலேதான் வேலையே. குலையும் பாளையும் மட்டைகளுக்கு நடுவே இருக்கிறது, வெளியே தொங்கிக்கொண்டு எட்டாது. அங்கே போனதும் எந்தக் காரணத்துக்காகவும் டெதரை மட்டையில் சுற்றாதீர்கள். மட்டை எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும் அடி செத்திருக்கலாம். அதோடு மட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கருக்கு ரம்பம் மாதிரி, கயிற்றை அறுக்கும். கழுத்துக்குக் கீழே, தண்டைச் சுற்றி மட்டும்தான் கட்ட வேண்டும். நுங்குக் குலையைக் கையால் எட்ட வேண்டாம், நீளக் கழியில் அரிவாள் கட்டி இழுங்கள்.

ஏறும் முன்பு அடிமரத்தில் கட்டையால் நாலு தட்டுத் தட்டி அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார். கதண்டு, அதாவது கொட்டுகிற பெரிய குளவி, இருந்தால் அப்போதே தெரியும். கயிற்றில் கட்டுண்டு இருக்கிறவனால் குதித்து ஓட முடியாது. பன்னாடைக்குள் தேளும் இருக்கும்.

அவர் காலத்துத் தளைநாரைப் பற்றிக் கேட்டேன். "அது காலுக்கு மட்டும்தான், உசிருக்கு எதுவும் கட்டினதில்ல" என்றார்.

மண்டபத்தான்:

நான் வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குக் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிற வேலையில் ஒன்பது வருடம் இருந்தவன். எங்களுக்கு முதல் பாடம், எப்போதும் இரண்டு கயிறு. ஒன்றில் வேலை, ஒன்று சும்மா. ஒன்றைக் கழற்றி நகர்த்தும்போது மற்றது உடம்பில் இருக்க வேண்டும்.

உங்கள் சாமானில் லைன்மேன் கயிறு இருக்கிறது, டெதர் இருக்கிறது. லைன்மேன் கயிறு மட்டும் இருக்கும்போது கால் சறுக்கினால் அது மரத்தோடு சேர்ந்து கீழே வரும், நெஞ்சுத் தோல் உரியும். டெதர்தான் மரத்தைச் சுற்றிச் சுருக்காக இறுகி நிற்கும். அதனால் ஏறும்போதே டெதரையும் கூடவே தலைக்கு மேல் நகர்த்திக்கொண்டு போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.

ஒற்றை ஏணித்துண்டை வைத்துக்கொண்டு நாற்பது அடி என்றால், ஏறி, தொங்கி, துண்டைக் கழற்றி மேலே கட்டி, மறுபடி ஏறி, ஒன்பது பத்துத் தடவை. மேலே கட்டி முடிக்கிறவரை துண்டு ஒரு சின்னக் கயிற்றால் சேடிலோடு இணைந்திருக்கட்டும். கை நழுவிக் கீழே போட்டுவிட்டால் நீங்கள் மேலே, அது கீழே. அமெரிக்காவில் பதினைந்து இருபது அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், அது அவர்களுக்குப் போதும். உங்களுக்கு அதற்கு மேல்தான் மரமே தொடங்குகிறது.

இறங்குவதை முதலில் பழகுங்கள், ஏறுவதை அப்புறம். நாலடி உயரத்தில் வேண்டுமென்றே காலை எடுத்துவிட்டுத் தொங்கி, அங்கிருந்து தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். கால் வைக்க ஒரு கயிற்று வளையம் பையில் இருக்கட்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், அரை மணி நேரம் கூடத் தேவையில்லை. கீழே ஒரு ஆள் இல்லாமல் ஏறாதீர்கள்.

கடைசியாக நம்ம கடற்கரை விவகாரம். கயிறு மாட்டுகிற கொக்கி, காரபினர், அலுமினியம்தான், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் இரும்பு. கச்சான் காற்றில் ஒரு வாரம் திண்ணையில் தொங்கவிட்டால் உப்பு ஏறி வாய் பாதியில் நின்றுவிடும், மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எடையைப் போடுவீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, டப்பாவில் போடுங்கள். கயிற்றையும் அப்படித்தான். பனைமரப் பட்டை அரம் மாதிரி, ஒவ்வொரு தடவையும் கயிற்றை விரலுக்கு இடையே ஓட்டிப் பாருங்கள். மேலுறை கிழிந்து உள் நூல் தெரிந்தால் மாடு கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

வடலிக்காடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பிரிட்ஜை ஒரு சாண் நீட்டினேன், சேடிலை இறக்கினேன். இடுப்பு வலி முக்கால்வாசி போய்விட்டது. கீழக்கரை அண்ணன் சொன்னபடி தொங்கிக்கொண்டே டீ குடித்தேன், ஆனால் ஒரு கை மரத்தில்தான் இருந்தது. நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்றதும் அம்மா, குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிற தண்ணீரில் கொக்கி கழுவப் போகிறாயா என்று பிடித்துக்கொண்டாள். இப்போது அரிசி களைந்த தண்ணீரில் ஒரு முறை, கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் என்று சமாதானம் ஆகியிருக்கிறது.

எட்டடி, பன்னிரண்டு அடி என்று இறங்கி இறங்கிப் பழகினேன். போன சனிக்கிழமை காலை, கிழக்கே நிற்கிற குட்டைப் பனையில், இருபத்தைந்து அடி இருக்கும், கழுத்து வரை போனேன். தட்டிப் பார்த்தாயிற்று, கதண்டு இல்லை. கீழே சித்தப்பா மகன், கட்டிலில் அப்பா.

டெதரை நெற்றிக்கு நேராகக் கட்டி மூச்சு வாங்கினேன். முகத்துக்கு ஒரு அடி மேலே ஒரு மட்டை, நல்ல பச்சை. பிடித்துக்கொண்டால் தேவலை என்று கை போய்விட்டது. கீழேயிருந்து அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "மட்டையத் தொடாத!" இருபத்தெட்டு வருடத்தில் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் பின்னால் சாய்ந்திருக்கிறேன் என்பதே தெரிந்தது. முட்டி மரத்தில், கை மடியில். மூக்கையூர்ப் பக்கம் கடல் தெரிந்தது.

அப்பாவிடம் இறங்கி வந்து எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. அரிவாளை மட்டும் எடுத்துத் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு குலை வெட்டினேன், ஒன்று முற்றல். நேரம் பார்த்தேன், ஏறி இறங்க 35 நிமிடம். நரிப்பையூர் பெரியவர் சொன்னது சரிதான், இதில் பதநீர் ஆகாது.

நரிப்பையூர்த் தங்கச்சி, உன் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல். உயரமான மரங்களில் கழுத்துப் பக்கம் பழைய மட்டை அடிகள் உதிராமல் வளையம் வளையமாக நிற்கிறது. டெதரை அதன் மேல் கட்டினால் சுருக்கு இறுகுவதற்குள் அவை உடைகின்றன. முதலில் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் கட்ட வேண்டுமா?

நரிப்பையூர் கலயம்:

கேட்டேன் அண்ணே. கழிக்கணுமாம். ஆனா கீழே நின்னு சொன்னா விளங்காது, கைபேசியில சொல்ற காரியம் இல்லன்னு சொல்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில நான் வண்டியில கூட்டிட்டு வாரேன். அம்மாகிட்டச் சொல்லி வைங்க, அப்பா மரத்துல ஏறமாட்டார், சும்மா பார்க்கத்தான்.

வடலிக்காடு:

வாங்க. நுங்கு இருக்கு. அவரை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.